தொட்டுப் பார்த்ததாக

"தொடுவாங்க மேடம். நல்லாத்தான் பாப்பாங்க."

அஞ்சுகம் இதைச் சொன்னபோது அவள் பால்வாடி வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

அஞ்சுகம் அவள் பக்கம் திரும்பவில்லை.

அஞ்சுகம் யாரோ எவரோ அல்ல. அவளைக் கட்டியவனின் தங்கை. நாற்பது நாளுக்கு முன், அவளுக்குப் பிறந்தும் அழாத பிள்ளையைத் துணியில் சுற்றி மடியில் வைத்து, ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் கொண்டுவந்தவள். இதைச் சும்மா விடக்கூடாது அண்ணி என்று முதலில் சொன்னவளும் அவள்தான். மனுவைக்கூட அவள்தான் உட்கார்ந்து எழுதினாள்.

பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடந்திருக்கிறது. வலி எடுத்துப் போன பிறகுதான் தெரிந்தது. அதற்குள் எல்லாம் கைமீறிவிட்டது.

பத்து நாள் முன்னால் யாராவது வயிற்றில் கை வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

யாரும் வைக்கவில்லை. ஒன்பது மாதத்தில் ஒரு தடவைகூட.

நர்சம்மா வராமல் இல்லை. மாதம் தவறாமல் காலனிக்கு வருவார். வாய் நிறையப் பேசுவார். மாத்திரையைக் கையில் கொடுக்காமல் பெஞ்சின்மேல் வைப்பார். அவளுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. பெண் பிறந்தால் நர்சம்மா பேரையே வைப்பது என்று மனதுக்குள் முடிவுகூடச் செய்திருந்தாள். இப்போது நினைத்தால் அதுதான் பொறுக்க முடியவில்லை.

கர்ப்பிணி அட்டையில் வேறு மாதிரி இருந்தது.

வயிறு தொட்டுப் பார்க்கப்பட்டது. தலை கீழே இருக்கிறது.

எட்டாம் மாதமும் அதே. ஒன்பதாம் மாதமும் அதே. முத்து முத்தான கையெழுத்து.

அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தது என்று சொல்ல முடியாது. மனு போனதும் குழு போட்டார்கள். மூன்று பேர், ஒரு ஜீப். வந்ததும் குழுத் தலைவி ஒரு தாளை எடுத்துப் படித்தார். பாகுபாடும் ஒரு நோய்தானாம். போலியோவை ஒழித்த மாதிரி அதையும் ஒழிக்க அரசு உறுதி பூண்டிருக்கிறதாம். காலனிப் பெண்கள் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள். நம்பியும் தொலைத்தாள்.

அப்புறம் விசாரணை. தலைவிக்குப் பக்கத்து நாற்காலியில் நர்சம்மா. அவர் முகத்துக்கு நேராகவே ஒவ்வொருத்தியையும் கேட்டார்கள். உங்களைத் தொட்டுப் பரிசோதனை செய்வார்களா?

முதலாமவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

அடுத்தவளுக்கு ஞாபகம் இல்லை.

மூன்றாவது அஞ்சுகம்.

அஞ்சுகத்துக்கு இது எட்டாம் மாதம். நாளைக்கு வலி எடுத்தால் ஆம்புலன்ஸுக்குச் சொல்வதும், பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதுவதும் இதே நர்சம்மாதான். வேறு ஆள் வரப்போவதில்லை.

வாசல்படியில் இருந்தவளுக்கு இது புரியாமல் இல்லை. நன்றாகவே புரிந்தது. ஆனாலும் வயிறு எரிந்தது. காலனியே சொல்லியிருக்கட்டும், இவள் சொல்லியிருக்கக் கூடாது.

குழுவில் ஒருவர் படிவத்தை முழங்காலில் வைத்து டிக் அடித்தார். பாகுபாடு: இல்லை. பேனா மூடியைத் தேடினார்.

தலைவிக்கு என்ன தோன்றியதோ, அஞ்சுகத்தின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் டாக்டர்தான்.

"இந்த மாசம் இன்னும் பாக்கலதானே? படும்மா. எப்பவும் பாக்குற மாதிரி பாக்கட்டும். எழுதிட்டே போயிடலாம்."

பெஞ்சில் பாய் விரித்தார்கள். அஞ்சுகம் சிரமப்பட்டு ஏறிப் படுத்தாள். புடவையை விலக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

நர்சம்மா நாற்காலியை விட்டு எழுவதற்குள் அஞ்சுகத்தின் இரண்டு கைகளும் அவளுடைய வயிற்றின்மேலேயே வந்துவிட்டன. மேலே அமுக்கினாள். பக்கவாட்டில் அமுக்கினாள். அடிவயிற்றில் விரல்களைக் குவித்து அழுத்தினாள். பழகிய கை.

"மேல மெத்துனு இருக்குதுங்க," என்றாள். "கீழ கெட்டியா, உருண்டையா இருக்குது. எழுதிக்குங்க."

வாசல்படியில் இருந்தவளும் தன் ஒன்பதாம் மாதத்தில் இதையேதான் சொன்னாள். கீழே கெட்டியாக இருக்கிறது என்று, தன் வயிற்றைத் தானே அமுக்கிப் பார்த்து, தெரிந்த மாதிரி சொன்னாள். நர்சம்மா எட்ட நின்று எழுதிக்கொண்டார்.

தலையாட்டியவள் ஜன்னலைப் பார்த்தாள். படிவக்காரர் பேனாவை மூடவில்லை.

அஞ்சுகம் கண்ணைத் திறந்தாள். ஏன் யாரும் எழுதவில்லை என்று அவளுக்கு விளங்கவில்லை.

வாசல்படியில் இருந்தவள் எழுந்து போய் நாத்தனாரின் தலைமாட்டில் நின்றாள். கோபம் போய்விடவில்லை. இருந்தாலும் நின்றாள்.

"கைய எடும்மா," என்றார் தலைவி. "அவங்க பாக்கட்டும்."

அஞ்சுகம் கையை எடுத்தாள்.

வயிறு மூச்சுக்கு ஏறி இறங்கியது. இடதுபக்கம் ஏதோ ஒன்று புடைத்து, மெல்ல நகர்ந்து, அடங்கியது.

நர்சம்மா பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார்.

எல்லோரும் காத்திருந்தார்கள்.

அவர் தேடிக்கொண்டே இருந்தார்.