மூன்றாம் மாடியில் ஒரு தீர்ப்பு

"இன்னும் பலமா இடிங்க! கதவே பெயர்ந்து வந்தாலும் பரவாயில்லை!"

மாடிப்படியில் நின்றபடி டிகெலெடி கத்தினாள். சிவப்பு உடுப்பு போட்ட தடியன் திரும்பி அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மறுபடியும் தோளால் இடித்தான். தாழ்ப்பாள் தெறித்து விழுந்தது.

ஹில்ப்ரோ பேட்டையில் அந்தச் சிவப்பு உடுப்பைக் கண்டாலே ஜனங்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். வீட்டைக் காலி செய்ய வருகிற ஆட்களின் உடுப்பு அது. போன மாதம் பக்கத்துக் கட்டடத்தில் லாரிச் சத்தம் கேட்டதுமே, ஒரு கேள்விகூடக் கேட்காமல் தாங்களே மூட்டை கட்டிக்கொண்டு நடுத்தெருவுக்கு வந்துவிட்டார்கள். அடுத்தது இந்தக் கட்டடம்தான் என்று புது முதலாளி வெளிப்படையாகவே சொல்லியிருந்தான்.

இத்தனைக்கும் அரசியல் சாசன நீதிமன்றம் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. அதன் தீர்ப்புகளைச் சாதாரண ஜனங்களுக்குப் புரியும்படி சொல்வதுதான் டிகெலெடியின் உத்தியோகம். குடியிருப்பதும் இதே கட்டடத்தில், ஐந்தாவது மாடியில். போன ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூட்டிவைத்து, வீடு காலி செய்வது பற்றிய தீர்ப்பை ஜூலு மொழியில் வாசித்துக் காட்டினாள். இரண்டாவது பக்கத்திலேயே பெரியவர் மொலெஃபே குறட்டை விட்டார்.

வாசித்தால் தூங்குகிறார்கள், நடித்துக் காட்டினால்?

சோவேட்டோ சர்ச்சில் பாடுகிற பையன்கள் நாடகமும் போடுவார்கள் என்று கேள்விப்பட்டு, போனிலேயே பேசி முடித்தாள். "காலி செய்ய வர்றவங்களா நீங்க நடிக்கணும் தம்பி. நிஜம் மாதிரியே இருக்கணும்."

"அசத்திடுறோம் அக்கா" என்றான் அந்தப் பையன்களின் தலைவன் தபீசோ.

இதோ, சனிக்கிழமை காலை. மொத்தக் கட்டடமும் வேடிக்கை பார்க்கப் படியில் குவிந்திருந்தது. சிறுசுகளெல்லாம் கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

கேட் பக்கத்தில் மக்வின்யா என்கிற மாவுருண்டை பொரித்து விற்கும் ஸோட்வாவின் மூன்றாம் மாடி வீடுதான் மேடை. தீர்ப்பிலிருந்து கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை டிகெலெடி எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருந்தாள். ஆட்கள் உள்ளே புகுந்து மெத்தையைத் தூக்கியதும், ஸோட்வா இடுப்பில் கைவைத்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"யாருடா நீ, என் மெத்தையில கை வைக்க?"

தடியன் பச்சையாக ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். டிகெலெடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சர்ச்சில் பாடுகிற வாயா இது? நிஜம் மாதிரி இருக்கணும்னு சொன்னது தப்பாப் போச்சே!

"முதல் கேள்வி, ஸோட்வா அக்கா!" என்று எடுத்துக் கொடுத்தாள்.

"ஆங்... கோர்ட் ஆர்டர் எங்கடா? எடு, பார்ப்போம்!"

"ஆர்டரா? முதலாளி சொன்னாரு, வந்தோம்."

"உங்க முதலாளி என்ன பெரிய ஜட்ஜா? எங்கிட்ட கடனுக்கு டீ குடிக்கிற மூஞ்சி அது!"

படியெல்லாம் சிரிப்பு. ஸோட்வாவுக்கு உற்சாகம் தலைக்கேறியது.

"ரெண்டாவது கேள்வி!"

"ஆர்டர் இருந்தா கோர்ட் ஆபீசர் இல்ல கூட வந்திருக்கணும்? எங்க அந்த மகராசன்? லாரிக்கு அடியில படுத்திருக்காரா?"

தடியன் நிஜமாகவே படிக்குக் கீழே எட்டிப் பார்த்தான். பின்னால் மெத்தையைத் தூக்கிக்கொண்டிருந்தவன் அதை மெல்லக் கீழே வைத்தான்.

மூன்றாவதை யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. குறட்டை விட்ட மொலெஃபேயே கைத்தடியை நீட்டினார்.

"எங்களை வெளிய தள்ளினா நாங்க எங்க போவோம்னு ஜட்ஜ் விசாரிச்சாராப்பா? அதை விசாரிக்காம இங்கருந்து ஒரு கரண்டியைக்கூட நகர்த்த முடியாது. தெரியுமில்ல?"

தடியன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். "சார்... இங்க ஒவ்வொருத்தரும் வக்கீலா இருக்காங்க சார். கெழவன்கூட சட்டம் பேசுறான் சார்."

சொல்லிக் கொடுக்காத காட்சி! பையன் சொந்தச் சரக்கையும் சேர்க்கிறானே என்று டிகெலெடி பூரித்துப்போனாள்.

அதற்குள் மொலெஃபே பாட்டெடுத்துவிட்டார். எல்லா மாடிக்காரர்களும் முழங்காலைத் தூக்கித் தூக்கி டொயி-டொயி என்னும் போராட்ட ஆட்டம் ஆடத் தொடங்க, படிக்கட்டே அதிர்ந்தது. சிவப்பு உடுப்புக்காரர்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள்.

"மெத்தையை எடுத்த இடத்துலயே போடு!" என்றாள் ஸோட்வா. "விரிப்பு கசங்கக் கூடாது. தாழ்ப்பாளை யாரு மாட்டுவா, உங்கப்பனா?"

போட்டார்கள். மாட்டினார்கள். விட்டால் போதுமென்று இறங்கி ஓடினார்கள்.

டிகெலெடி பின்னாலேயே மூச்சிரைக்க ஓடினாள். "பிரமாதம் தம்பி! அடுத்த வாரம் எதிர்க் கட்டடத்துக்கும் வந்துடுங்க!"

பேயைக் கண்டவன் போல ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தடியன் லாரியில் தாவினான். லாரி பறந்தது.

ஒரு வாய் டீகூடக் குடிக்காமல் போகிறார்களே என்று அவள் அங்கலாய்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தபீசோ.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க, சோவேட்டோவுலயே வேன் பஞ்சர்... நாங்க வர்ற வரைக்கும் நாடகத்தை ஆரம்பிச்சுடாதீங்க!"