மஞ்சள் சுடர்

குளிர்காயும் கணப்பில் இத்தனை நாளும் நீலமாக எரிந்த கேஸ், விடாமல் பனி கொட்டிய அன்று மஞ்சளாகிவிட்டதில் பூங்கோதைக்கு அத்தனை சந்தோஷம். "பாருங்க, இப்பத்தான் வீட்டுல விளக்கேத்தின மாதிரி இருக்கு" என்றாள் கணவனிடம். வெளிச்சுவரில் கணப்பின் புகைபோக்கி வாயைப் பனி அடைத்திருந்தது இருவருக்கும் தெரியாது. மறுநாள் காலையில் அவள் கணப்பின் கண்ணாடியைக் கழற்றி, உள்ளே படிந்த கரியை வழித்து, விளக்கெண்ணெயில் குழைத்துக் கிண்ணத்தில் வைத்தாள். திரும்ப மாட்டியபோது கண்ணாடி சரியாகப் பொருந்தவில்லை. பிள்ளைக்குச் சாம்பிராணி போடும்போதெல்லாம் கூச்சலிட்ட விஷவாயு அலாரத்தின் பேட்டரி, இப்போது டிவி ரிமோட்டில் இருந்தது.

"தலை விண்ணுவிண்ணுனு தெறிக்குது, கோதை" என்றான் தணிகாசலம்.

"எனக்குந்தான். குளிர் ஒத்துக்கல. அந்த ஜன்னலை இறுக்கிச் சாத்துங்க."

அவன் சாத்தினான். பிள்ளை பாலுக்குக்கூட அழாமல் தூங்கியது. குனிந்து பார்த்தாள். கன்னம் இரண்டும் செக்கச்செவேலென்று அப்படியொரு நிறம். "என் கண்ணே பட்டுடும்" என்றபடி கிண்ணத்துக் கரியைத் தொட்டுத் திருஷ்டிப் பொட்டு வைத்தாள். விரல் பட்டாலே சிணுங்கி முகத்தைத் திருப்பும் பிள்ளை, இன்று பேசாமல் காட்டிக்கொண்டிருந்தது.