மூன்று யூனிட்

"என்ன ஷ்யாமளா, அம்மா எப்படி இருக்கா?" ரேஷன் கடைக்கார நாணு மாமா கடை முழுக்கக் கேட்கும்படி விசாரித்தார்.

"இருக்கா மாமா. முழங்கால் வலிதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்று சொல்லி ஷ்யாமளா ரேஷன் கார்டை நீட்டினாள்.

"மாடி ஏறி இறங்க வேண்டாம்னு சொல்லு. விளக்கெண்ணெய் காய்ச்சித் தடவிக்கச் சொல்லு."

"சொல்றேன் மாமா."

அம்மா செத்துப்போய் ஏழு வாரம் ஆகியிருந்தது.

கார்டில் இன்னும் மூன்று பெயர், மூன்று யூனிட். ஒரு பெயரை அடித்தால் ஒரு பங்கு அரிசி போய்விடும். அறுபத்தாறாம் வருஷத்து பம்பாய் மாதுங்காவில் கறுப்பு மார்க்கெட் அரிசி மூன்று மடங்கு விலை. அப்பா மாசம் பிறந்ததும் கொடுக்கும் பணத்தில் மளிகை, பால், அவளுடைய ஜூனியர் பி.ஏ. பரீட்சைக் கட்டணம் எல்லாம் அடங்கியாக வேண்டும்.

"பேரை எடுத்துட்டியோ?" என்று அப்பா ஒரே ஒரு தடவை கேட்டார். "ஆச்சுப்பா" என்றாள். அவரும் அதோடு விட்டுவிட்டார்.

முதல் வாரம் மாமா விசாரித்தபோது பதிலுக்குத் தடுமாறினாள். இப்போது அதுவும் இல்லை. அம்மாவுக்கு ஒரு வாரம் ஜலதோஷம், ஒரு வாரம் பல்வலி என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிடும். மனசு மரத்துப்போய்க் கிடந்தது. தெரிந்தவர்கள் வராத மத்தியான நேரமாகப் பார்த்து, எகனாமிக்ஸ் வகுப்புக்கு மட்டம் போட்டுத்தான் வருகிறாள். ஆனால் இந்த மனுஷருக்கு வாராவாரம் அம்மாவை விசாரிக்காவிட்டால் தராசே தூக்க வராது போலிருக்கிறது.

அம்மா ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். அங்கிருந்தே மயானத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெண்கள் மயானத்துக்குப் போகிற வழக்கமில்லை, ஷ்யாமளா வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். துணைக்கு இருந்த பக்கத்து வீட்டு அம்மிணி மாமி காப்பிக்குச் சர்க்கரை வாங்கப் போய், ரேஷன் கடை பூட்டிக் கிடக்கிறது என்று காலி டப்பாவோடு திரும்பினாள். அன்றைக்கு நடந்ததில் ஷ்யாமளாவுக்கு நினைவிருப்பது அந்த டப்பா ஒன்றுதான். அப்பா சாயங்காலம் வந்தார், குளித்தார், படுத்துக்கொண்டார். அங்கே என்ன நடந்தது, யார் வந்தார்கள் என்று அவர் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

"கார்ட் திகாவ்."

மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து கடை ரிஜிஸ்தரைப் புரட்டிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து கார்டைக் காட்டச் சொன்னார். ரேஷன் ஆபீஸ் இன்ஸ்பெக்டர். இத்தனை நேரம் அங்கே ஓர் ஆள் இருந்ததையே ஷ்யாமளா கவனிக்கவில்லை.

அவர் பெயர்களை உரக்க வாசித்தார். சுந்தரராமன். விசாலம். ஷ்யாமளா. ஏழு வாரமாக அம்மாவின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை. இப்போது காதில் விழுந்தும் ஷ்யாமளாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"மா கர் மே ஹை?" அம்மா வீட்டில் இருக்கிறாளா என்று கேட்டார்.

"ஹை."

"சலோ, தேக்தா ஹூம்." போய்ப் பார்த்துவிடலாம் என்று தோல்பையை எடுத்து மாட்டிக்கொண்டார். செத்தவர்கள் பெயரில் அரிசி வாங்குகிறவர்களைப் பிடிக்கத்தான் இந்த வாரம் முழுக்க அலைகிறாராம்.

அப்பாவுக்கு சர்க்கார் உத்தியோகம். கேஸ் என்று வந்தால் முதலில் போவது அந்த வேலைதான். எல்லாம் தெரிந்தது. தெரிந்தும் அவள் காலிப் பையை மடித்துக்கொண்டு நின்றாள்.

"அரே ஸாப், இஸ்கா மா?" நாணு மாமா தராசுக்குப் பின்னாலிருந்து தன் பம்பாய் ஹிந்தியை அவிழ்த்துவிட்டார். "கல் தோ ஆயா தா இதர்! கேஹூ மே பத்தர் போல்கே கித்னா ஜகடா கியா!"

நேற்றுதான் அம்மா கடைக்கு வந்தாளாம். முழங்கால் வலியோடு மாடி இறங்கி வந்து, கோதுமையில் கல் என்று அரைமணி சண்டை பிடித்தாளாம். மாமா இடுப்பில் கை வைத்து நடித்துக்கூடக் காட்டினார். இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். கார்டை ஷ்யாமளாவிடமே கொடுத்துவிட்டு, அடுத்த தெருக் கடையைப் பார்க்கப் போனார்.

ஷ்யாமளாவுக்கு மூச்சு வந்தது. கூடவே, ஏழு வாரத்தில் முதல் தடவையாக, கோபமும் வந்தது. நாள் பூரா நூறு பேருக்கு நிறுத்துப் போடுகிற மனுஷர், எவளோ ஒரு மாமியைப் பார்த்து அம்மா என்று நினைத்திருக்கிறார். அம்மாவா சண்டை பிடிப்பாள்? கல் இருந்தால் முறத்தோடு உட்கார்ந்து வாய் பேசாமல் பொறுக்குகிறவள் அவள். பொய் சொல்லி அரிசி வாங்க முடிந்தவளுக்கு, அம்மா இருந்த இடத்தில் இன்னொருத்தி வந்து நிற்பதைத் தாங்க முடியவில்லை.

"மாமா, நேத்திக்கு வந்தது எங்கம்மா இல்லை."

"சரி, பையைப் பிடி."

"இல்லை மாமா. எங்கம்மா..."

"மெதுவாப் பேசு." நாணு மாமா வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். மூன்று யூனிட் அரிசியையும் அவள் பையில் கொட்டினார். பிறகு, அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னார்.

"உங்கம்மாவைத் தூக்கிண்டு போன நாலு பேர்ல நானும் ஒருத்தன்."