உள்ளே வரலாமா?

"வா அக்கா, போயிடலாம். அந்தப் பொண்ணு இன்னிக்கும் கதவைத் திறக்க மாட்டா."

லோபாகா குடை பிடித்திருந்தும் இருவர் தோளும் நனைந்திருந்தன. ஹவாய்த் தீவின் ஹிலோ ஊரில் மழை அப்படி. ஹூலா நடனக் கூடத்தின் வாசற்படியில் ஊன்றுகோலோடு நின்ற ஹௌனானி அசையவில்லை.

"இருடா. மூச்சு வாங்கிக்கறேன்."

அனுமதியைப் பாட்டாகவே கேட்க வேண்டும். பிழையில்லாமல் பாடினால் உள்ளிருந்து பதில் பாட்டு வரும், கதவு திறக்கும். பிழை இருந்தால் மௌனம்தான். மற்றவர்கள் பாடிவிட்டு எப்போதோ உள்ளே போய்விட்டார்கள். வாதம் வந்து வாய் ஒருபக்கம் இழுத்துக்கொண்டதிலிருந்து, மூன்றாவது வரியில் வரும் மலையின் பெயர் ஹௌனானிக்குக் குழறிக்கொண்டே இருந்தது.

"உள்ள வகுப்பு எடுக்கற நோஹேயாவுக்கு உன் வயசுல பாதிகூட இல்ல. மழையில ஒருத்தி நிக்கறாளேன்னு இரக்கம் வேணாம்?"

"இரக்கப்பட்டுத் திறந்தா நானே உள்ள போக மாட்டேன்."

"அப்படி என்னதான் இருக்கு அந்தப் பாட்டுல?"

"ஹூலாவே ஆடக்கூடாதுன்னு தடுத்த காலத்துலகூட, நம்ம ஆளுங்க பாட்டையெல்லாம் வாயிலயே வச்சுக் காப்பாத்தினாங்கடா."

"அவங்க வாய் கோணிக்கலையே!" சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஹௌனானி சிரித்தாள். சிரிப்பும் ஒருபக்கமாகத்தான் வந்தது.

"இன்னிக்கும் திறக்கலைன்னா இதோட விட்டுடறேன். வீட்ல உக்காந்து உன் உகுலேலே வாசிப்பைச் சகிச்சுக்கறேன், போதுமா?"

"ஐயோ கதவே, தயவுசெஞ்சு திறந்துடு!"

அவள் ஊன்றுகோலை அவனிடம் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள். பாட ஆரம்பித்ததும் உள்ளே சுரைக்குடுக்கையில் தட்டிக்கொண்டிருந்த தாளம் நின்றது.

முதல் வரி. இரண்டாவது வரி. மூன்றாவதில் வேகத்தைக் குறைத்தாள். மலையின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக வாய்க்குள் திரட்டி, முழுசாக வெளியே விட்டாள். பிறகு கடைசி வரிவரை குரல் எங்கும் தடுக்கவில்லை.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. லோபாகா வண்டிச் சாவியை எடுத்தான்.

அப்போது உள்ளிருந்து ஓர் இளம்குரல் எழுந்தது. நடுங்கினாலும் பதில் பாட்டைப் பிழையில்லாமல் பாடி முடித்தது. கதவு திறந்தது.

நோஹேயாவின் கண்கள் சிவந்திருந்தன. அவளுக்குப் பின்னால் வகுப்பே எழுந்து நின்றது.

"நாலு வாரமா கதவுக்குப் பின்னால அழுதுக்கிட்டுதான் நின்னேன்" என்றபடி, தன் கையிலிருந்த சுரைக்குடுக்கையை ஹௌனானியிடம் நீட்டினாள். "யாரா இருந்தாலும் குழறினா திறக்கக் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதானே, டீச்சர்!"