படிக்காததாகக் குறித்தவை

மதிய வெயில் போட்டோ ஸ்டுடியோவின் கண்ணாடிக் கதவைத் தாண்டிப் பாதி மேசைவரை வந்து நிற்கிறது. கம்ப்யூட்டர் மெக்கானிக்கின் தோளுக்குப் பின்னால் ஸ்டுடியோக்காரர் நிற்கிறார். மெக்கானிக் மெயில் புரோகிராமில் சர்வர் பெயரைச் சரிபார்க்கிறான், போர்ட் எண்ணை மாற்றிப் பார்க்கிறான். கடவுச்சொல் கேட்கும் சிறு பெட்டி போவதும் வருவதுமாக இருக்கிறது. "மிஷின் மேல தப்பில்லண்ணே. உங்க மெயிலப் பாருங்க, வந்து குவியுது, அத்தனையும் விளம்பரம். உங்க பொண்ணோடதுதான் உள்ள விடமாட்டேங்குது. பாஸ்வேர்ட மாத்தியிருக்காங்க."

"யாரு?"

"வேற யாரு, அவங்கதான்."

மகள் கல்லூரியில் சேர்ந்தபோது அவரே இந்தக் கம்ப்யூட்டரில் தொடங்கிக் கொடுத்த முகவரி அது. சண்டை போட்டுக்கொண்டு போனவள் போன் செய்வதில்லை. ஆனாலும் அவள் எடுத்த ரயில் டிக்கெட்டும் கட்டிய கரன்ட் பில்லும் இங்கே வந்து விழும். அவர் படித்துவிட்டு, அவளுக்குத் தெரியாமலிருக்க, படிக்காததாகக் குறித்து வைப்பார்.

"அவங்க கணக்க இந்த மிஷின்லேர்ந்து எடுத்துரட்டுமாண்ணே?"

"எடுத்தா பழசெல்லாம்?"

"அதுவும் போயிரும். விட்டுவெச்சா பழசு இருக்கும், ஆனா இந்தப் பாஸ்வேர்ட் பெட்டி நச்சரிச்சுக்கிட்டே கெடக்கும்."

"கெடக்கட்டும் தம்பி."

மெக்கானிக் போனதும், அவன் சூடு ஆறாத நாற்காலியில் அவர் உட்கார்கிறார். பெட்டியை ரத்துசெய்துவிட்டு, அவளுக்குக் கடைசியாக வந்த மெயிலைத் திறக்கிறார். ஏதோ ஒரு கடையிலிருந்து பார்சல் கிளம்பிவிட்டது, நாளை கையில் கிடைக்கும் என்கிறது. என்ன பார்சல் என்று அதில் இல்லை. அவளுக்குக் கிடைத்துவிட்டதா என்று அறிய அவருக்கு இனி வழியில்லை.