மழித்த இடம்

நாய்க்குட்டியின் முன்னங்காலை அசையவிடாமல் பிடித்திருந்தாள்.

சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத கால். மருத்துவர் பிளேடால் முடியை மழித்தார். நரம்பைத் தேடினார். இரண்டாவது குத்தில் ஊசி ஏறியது.

குட்டி கத்தவில்லை. கத்தினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

பாட்டிலில் சொட்டு இறங்கத் தொடங்கியது.

வாலடி முழுக்க ரத்தம். ஆட்டுக்கு மருந்து வாங்க வந்தவன் வீச்சம் தாங்காமல் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய் நின்றான்.

"முந்தி நாய் வளத்தீங்களாம்மா?"

"ஒண்ணு வளத்தோம் சார். இதே மாதிரிதான், வாந்தியும் ரத்தமுமாப் போயிட்டு. தீவாளிக்கு முன்ன."

"அது படுத்த சாக்கு?"

அவள் மடியைப் பார்த்தாள். குட்டியைச் சுற்றிக் கொண்டுவந்ததே அந்தச் சாக்குதான். துவைத்து, காயப்போட்டு, மடித்துப் பரணில் ஏற்றிவைத்தவன் அவள் புருஷன். நல்ல சாக்கு, எதற்கு வீணாக்க என்று.

"துவைச்சாலும் போகாதும்மா இந்தக் கிருமி. மாசக்கணக்கா அப்படியே உக்காந்திருக்கும். சாக்கைக் கொளுத்துங்க. தரைக்கு பிளீச்சிங் பவுடர் கரைச்சு ஊத்துங்க."

"அப்ப, கிருமிதானா சார்?"

"பின்ன?"

அவர் ஆட்டுக்காரனைக் கூப்பிடப் போய்விட்டார்.

அவள் அந்தச் சொல்லையும் குட்டியோடு சேர்த்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

கிருமி.

வீட்டில் அதற்கு வேறு பேர்.

அவள் வாழ வந்த வருஷம் கன்றுக்குட்டி செத்தது. பிறகு அவள் வயிற்றில் இருந்தது கலைந்தது. பிறகு முந்தின நாய்க்குட்டி. ஒவ்வொன்றுக்கும் புருஷன் ஒன்றையேதான் சொன்னான். அவளிடம் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"இந்த வீட்ல ஒண்ணும் தங்க மாட்டேங்கு."

அவள் வருவதற்கு முன்னால் எல்லாம் தங்கிக்கொண்டுதான் இருந்தது என்பதை அவன் சொல்வதில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சாக்கைத் தெருவோரத்தில் போட்டுக் கொளுத்தினாள். குட்டி தின்ற பழைய தட்டையும் குழி தோண்டிப் புதைத்தாள். அவன் வேலை முடிந்து வந்து சைக்கிளைக்கூட நிறுத்தாமல் நின்றான்.

"ஏட்டி, நல்ல சாக்க எதுக்கு எரிக்க?"

சொன்னாள். மருத்துவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னாள். அவனும் முழுக்கக் கேட்டான்.

"சரி. அப்ப கன்னுக்குட்டி எந்தச் சாக்குல படுத்துது?"

அவன் பதிலுக்காக நிற்கவில்லை. கால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

பரிமாறினாள்.

குட்டி தொழுவத்தில் கிடந்தது. கன்று போனதிலிருந்து காலியாகக் கிடந்த தொழுவம். பவுடர் கரைத்து ஊற்றி ஊற்றி அவள் விரலிடுக்கெல்லாம் வெந்துபோயிருந்தது. வாந்தி நிற்கும்வரை வாயில் ஒன்றும் கொடுக்கக்கூடாது. வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி அதன் வயிற்றோடு ஒட்டிவைத்தாள். மூச்சு இருக்கிறதா என்று கையை வைத்துப் பார்த்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

காலையில் பழஞ்சேலையில் பொதிந்துகொண்டு பஸ் ஏறினாள். மறுநாளும் ஏறினாள். அதற்கு மறுநாளும்.

ஒரு நாள் நல்ல கூட்டம். "கைப்பிள்ளக்காரி நிக்கால்லா, எந்திரிங்கய்யா" என்று கண்டக்டர் ஒருவரை எழுப்பிவிட்டு இடம் வாங்கிக் கொடுத்தார்.

அவள் இல்லை என்று சொல்லவில்லை. உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடிக்கொண்டாள்.

வீச்சம் தெரிந்ததும் பக்கத்தில் இருந்தவள் எழுந்து போனாள்.

பிறகு வாந்தி நின்றது.

விரலில் தொட்டுவைத்த கஞ்சித் தண்ணீரை நக்கியது. குழைந்த சோற்றில் ஒரு வாய் தின்றது. தின்றது உள்ளேயே இருந்தது. அவள் தொழுவத்தைவிட்டு நகராமல் அது உள்ளேயே இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலையில், குனிந்து கூட்டிக்கொண்டிருந்தவளின் முந்தானையை ஏதோ இழுத்தது.

பல்லால் கவ்விக்கொண்டு, பின்னங்கால் இரண்டும் நடுங்க, உறுமிக்கொண்டு நின்றது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை நாளாயிற்று, தெரியவில்லை. இதை அவன் பார்க்க வேண்டும் என்றிருந்தது.

"ஏங்க, செத்த இங்க வாங்களேன். ஐயாவப் பாருங்க, சண்டைக்கு வாராரு."

வந்தான். குட்டி அவன் காலை முகர்ந்து வாலாட்டியது. அவன் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தான். அவனுக்கும் சிரிப்புதான்.

"பரவால்லயே. ஆளாயிட்டானே."

சாயங்காலம் பழக்கூடையோடு வந்தான். அடியில் துணி விரித்துக் குட்டியை அதில் வைத்தான். கோபமாகச் சொல்லவில்லை. குட்டியின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னான்.

"அக்கா வீட்ல விட்டுட்டு வாரேன். அங்கயாவது பொழச்சுக் கெடக்கட்டும்."

அவள் புதுத் தட்டை எடுத்துவந்து கூடையில் வைத்தாள்.

சைக்கிள் போன பிறகு தொழுவத்துக்குப் போனாள். வாளியில் பவுடரைக் கரைத்தாள். ஊற்ற வேண்டிய அவசியம் இல்லை.

ஊற்றினாள்.

வாரக் கடைசியில் மதினி, அவன் அக்கா, அவன் போனுக்குக் குரல்பதிவு அனுப்பியிருந்தாள்.

"பாத்தியாலே, எடம் மாறினதும் எப்படித் தேறிட்டுன்னு!"

அவன் அதை இரண்டு தடவை ஓடவிட்டான். கூடவே வந்த படத்தை அவளிடம் நீட்டினான். மதினி வீட்டு முற்றம். குட்டியின் கழுத்தில் கறுப்புக் கயிறு, ஒரு மணி.

அவள் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். கழுத்தைத் தாண்டி, இன்னும் கீழே கொண்டுபோனாள்.

முன்னங்கால்.

மழித்த இடத்தில் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது.