வாசலில் முளைத்த புற்று

"மண்வெட்டியக் கீழ போடும்மா! உள்ள நாகாத்தம்மா இருக்குது!"

மாலதியின் கையைப் பிடித்து இழுத்தாள் எதிர்வீட்டுச் செல்லாயி.

"அக்கா, இது புத்து இல்லக்கா. சுவத்துக்குப் பூச எங்க மேஸ்திரி கொழச்சுக் கொட்டி வச்ச மண்ணும் சுண்ணாம்பும்."

"அப்ப பாம்பு எதுக்கு உள்ள போச்சாம்? உங்க மேஸ்திரியே கண்ணால பாத்தாரே!"

மேஸ்திரி காத்தவராயன் அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆடி வெள்ளி. அந்தச் சிதம்பரத்துத் தெருவே மாலதி வீட்டு வாசலில் நின்றது. குமராட்சி மினி பஸ்ஸிலிருந்து வேறு ஒரு கூட்டம் வந்து இறங்கியிருந்தது. மண் குவியலுக்கு மஞ்சள் புடவை சுற்றியாகிவிட்டது. ஒருத்தி பால் செம்போடு நின்றாள். இன்னொருத்தி முட்டைகளை வரிசையாக அடுக்கினாள்.

மாலதிக்கு அழுகை வந்தது. மாமனார் காலத்து வீட்டைப் பசுமை வீடாக்கப் போகிறேன் என்று அவள் கணவன் இளவரசு சுவரிலிருந்த சிமெண்ட் பூச்சையெல்லாம் கொத்திப் போட்டுவிட்டான். சுவர் மூச்சு விட வேண்டுமாம். ஏசி இல்லாமலே வீடு ஜில்லென்று இருக்குமாம். இப்போது சுவர் நன்றாகவே மூச்சு விட்டது. மழைக்கு முன் பூசாவிட்டால் பழைய செங்கல் ஊறி வீடே உட்கார்ந்துவிடும்.

"ஏங்க, நீங்களாவது சொல்லுங்களேன்!"

கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காத இளவரசு, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

"வேணாம் மாலதி. ஜனங்க மனசு புண்படும்."

"ஓகோ! ஆடி முடியட்டும். அப்பவும் இந்த மண்ணு இங்கயே கெடந்தா, சிமெண்ட் வேல செய்யிறவுங்களக் கூட்டியாந்து நானே பூசிடுவேன்!"

மதியம் கூட்டம் கலைந்தது. காய்ந்த துணியை எடுக்கக் கொல்லைப்பக்கம் போன மாலதி அப்படியே நின்றாள். இளவரசுவும் மேஸ்திரியும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்து வெள்ளைக்கருவை அண்டாவில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"முட்ட போதும் சார். பாலு தயிராயிட்டா அதையும் சுண்ணாம்புல கலந்துடலாம். அந்தக் காலத்துப் பூச்சு சார், கண்ணாடி மாதிரி வரும்."

"இதெல்லாம் கடையில வாங்கியிருந்தா வீட்டையே வித்திருக்கணும். நல்லவேள, நீங்க பாம்பப் பாத்தீங்க."

"பாக்கச் சொன்னதே நீங்கதான சார்! ஆனா வெல்லம் இல்லாம பூச்சு புடிக்காதே. அத யாரு புத்துக்குக் கொண்டாந்து வப்பாங்க?"

இருவரும் கன்னத்தில் கைவைத்து யோசித்தார்கள்.

"நாளைக்குக் காலைல எனக்குச் சாமி வரும்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மாலதி கொண்டையை அவிழ்த்துத் தலையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துக்கொண்டாள். "அச்சு வெல்லமா, உருண்ட வெல்லமா? எதக் கேக்கணும்?"